ஐந்தாவது தந்தி: எண், இடம், துளை

1

பேஸ் கிதாருக்கு எத்தனை தந்தி என்று கேட்டால் நான்கு என்றுதான் பதில் வரும். ஐந்து தந்தி வைத்த பேஸ் உண்டு, ஆறு தந்தி வைத்ததும் உண்டு. ஆனால் அவற்றைச் சொல்லும்போது 'ஐந்து தந்தி பேஸ்', 'ஆறு தந்தி பேஸ்' என்று எண்ணையும் சேர்த்துச் சொல்கிறோம். நான்கு தந்தி பேஸை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது வெறும் 'பேஸ்'. மொழியியலில் அடையாளம் ஏற்ற சொல், அடையாளம் ஏறாத சொல் என்று ஒரு பிரிவினை உண்டு. அடையாளம் ஏறாதது இயல்பு போலவும், ஏறியது விலகல் போலவும் நமக்குப் படிகிறது. 'கவிஞர்' என்றால் ஆண், 'பெண் கவிஞர்' என்றால்தான் பெண் என்பது போல. ஆக, நான்கு என்பது இங்கே வெறும் எண்ணிக்கை மட்டுமல்ல. தன்னை எண் என்றே காட்டிக்கொள்ளாத ஒரு எண்.

இந்தக் கட்டுரை அந்த எண்ணை மாற்றிய கதை. ஒரு நான்கு தந்தி பேஸ் கிதாரில் ஐந்தாவது தந்தி ஏற்றுவது எப்படி, ஏற்றும்போது எதெது நகர்கிறது, எது முறிகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்லப் பார்க்கிறேன். நடுவில் கொஞ்சம் கோட்பாடும் வரும். அதைக் கருவியின் மேல் கொண்டுபோய் ஒட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. துளை போட்டுக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்ற கேள்விகள் அவை.

2

1996-இல் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பேன், ராத்திரி கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனியாகப் பேசும். பின்பாட்டு மாதிரி நிற்காமல் பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டாக ஓடும். அதனால் குழுவில் பேஸ்காரனுக்கு ஒரு மரியாதை இருந்தது. 1992-இல் 'ரோஜா' வந்தது. அதற்குப் பிறகு ஜனங்கள் கேட்கிற பாட்டுகளில் அடிச் சத்தம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மின்னணுக் கருவியில் உண்டாக்கிய, தரையோடு தரையாக ஊர்கிற ஒரு சத்தம். என் கிதாரின் கடைசித் தந்தி நின்றுபோகிற இடத்துக்கும் கீழே அது போகும்.

ஒருநாள் கச்சேரி முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குழுத்தலைவர் சொன்னார்: "கீபோர்டு தம்பி இடது கையிலேயே அத வாசிச்சிடுறான்பா. அந்த அடிச் சத்தம் ஒன்கிட்ட வரல. ஒரு ஆளுக்குச் சம்பளம், வேன்ல ஒரு சீட்டு, சாப்பாடு... நான் என்ன பண்ணட்டும் சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். சித்திரைத் திருவிழா வரைக்கும் பார்க்கலாம் என்றார். எனக்கு மூன்று மாதம் இருந்தது.

பலரும் கூடுதல் தந்தியை வித்தை காட்டுகிறவனின் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள், அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். உலக அளவிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1970-களில் மினிமூக் போன்ற சிந்தசைசர்கள் பேஸின் இடத்தை எடுக்கத் தொடங்கின. 1983-இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்ததும் ஒலிப்பதிவுக் கூடங்களில் விசைப்பலகைக்காரர் வாசிக்கிற அடிக்குரல் சாதாரணமாயிற்று. 1987-இல் மியூசிக் மேன் நிறுவனம் தன் ஐந்து தந்தி ஸ்டிங்ரேயைக் கொண்டுவந்தபோது அதை வாங்கப் பலர் இருந்தார்கள் என்றால், அதற்கு அழகியல் மட்டும் காரணமில்லை. இயந்திரம் கீழே போன ஆழத்துக்கு மனிதனும் இறங்க வேண்டியிருந்தது. ஐந்தாவது தந்தி, ஒரு வகையில், வேலைபோகிற பயத்தின் தந்தி.

3

நான்கு என்பது எங்கிருந்து வந்தது? லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பிரசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு, கிதார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ள ஒரு மாற்று. பிரெட் பதித்திருப்பதால் சுரம் துல்லியமாக விழும், அதனால்தான் 'பிரசிஷன்'. உடல் கிதாருடையது. ஆனால் தந்திகளின் எண்ணும் சுருதியும் டபுள் பேஸினுடையவை: ஈ, ஏ, டி, ஜி. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர்.

சரி, டபுள் பேஸுக்கு மட்டும் நான்கு இயற்கையா? இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று தந்தி டபுள் பேஸ் பரவலாக இருந்தது. அந்தக் கருவியின் மிகப் பெரிய வித்வான் என்று சொல்லப்படும் பொட்டெசினி (1821-1889) வாசித்தது மூன்று தந்திதான். ஜெர்மானிய இசைக்குழுக்களில் ஐந்து தந்தி டபுள் பேஸும் இருந்தது. ஆக ஃபெண்டர் எடுத்துக்கொண்ட நான்கு, நீண்ட தகராறு ஒன்றின் நடுவில் கிடைத்த ஒரு தற்காலிக உடன்பாடு. ஆலை அதை உறுதிப்படுத்திற்று. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் கழுத்துகளை அறுத்துத் தள்ளும்போது தற்காலிகம் நிரந்தரமாகிவிடுகிறது.

ஃபெண்டர் நிறுவனமே 1965-இல் ஐந்து தந்தி பேஸ் ஒன்றை வெளியிட்டது. மேலே ஒரு 'சி' தந்தி, பிரெட் மட்டும் பதினைந்து. விற்கவில்லை, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். ஆந்தனி ஜாக்சன் என்ற பேஸ் கலைஞர் எழுப்பிய கேள்வி இதைவிட ஆழமானது. கிதார் குடும்பத்தின் மிகத் தாழ்ந்த குரல் இது என்றால், இதற்கும் ஆறு தந்திதானே இருந்திருக்க வேண்டும் என்றார். நான்கு என்பது ஃபெண்டர் டபுள் பேஸை மனதில் வைத்துச் செய்ததன் விளைவு, கருவியின் தர்க்கம் அல்ல என்பது அவர் வாதம். 1975-இல் நியூயார்க்கின் கார்ல் தாம்சன் அவருக்காக ஆறு தந்தி வைத்த ஒன்றைச் செய்துகொடுத்தார்: கீழே ஒரு 'பி', மேலே ஒரு 'சி'. ஜாக்சன் அதை 'காண்ட்ராபேஸ் கிதார்' என்றே அழைத்தார். 'ஆறு தந்தி பேஸ்' என்ற பெயரை ஏற்றால் நான்குதான் மூலம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது, நான் புரிந்துகொண்ட அளவில், அந்தப் பெயர்மாற்றத்தின் அரசியல்.

நம் பக்கத்தில் இது புதிய யோசனையும் இல்லை. சிலப்பதிகார உரை மரபு யாழ்களைப் பிரிப்பதே தந்தியின் எண்ணை வைத்துத்தான். பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7. எண் மாறினால் பெயர் மாறும், கருவியே வேறாகும். 'ஏழு கூடுதலான செங்கோட்டியாழ்' என்று சகோடயாழை யாரும் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் மாண்டலின் ஸ்ரீனிவாஸை (1969-2014) நினைத்துக்கொள்ளலாம். மாண்டலினுக்கு நான்கு ஜோடியாக எட்டுத் தந்தி. அவர் ஜோடிகளை நீக்கி ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்து தந்தியுள்ள மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். எட்டு ஐந்தாயிற்று, ஆனால் கிடைத்தது குறைவு இல்லை. கமகம் பிடிக்க ஒற்றைத் தந்திதான் வசதி. கூட்டல் கழித்தல் கணக்கு இங்கே நேராக ஓடாது.

4

இனி இயற்பியல். கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

ஒரு தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: நீளம், இழுவிசை, எடை. நீளம் கூடினால் சுருதி இறங்கும். எடை கூடினாலும் இறங்கும். இழுவிசை கூடினால் ஏறும். நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த 'ஈ' நொடிக்கு 41.2 அதிர்வு. அடுத்து 'ஏ' 55, 'டி' 73.4, 'ஜி' 98. நான் ஏற்ற நினைத்த தாழ் 'பி' நொடிக்கு 30.9. பியானோவின் கடைசிக் கட்டை 27.5 என்பதை நினைத்தால் அது எவ்வளவு கீழே என்று புரியும்.

எனக்கு ஏன் அது தேவை? எங்கள் பாடகர் பல பாட்டுகளை ரெண்டு கட்டைக்கு இறக்கித்தான் பாடுவார். ரெண்டு கட்டை என்றால் ஷட்ஜம் 'டி'. கீழ் 'டி' 36.7 அதிர்வு, அது என் கருவியில் இல்லை. ஆதார சுருதியையே ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியிருந்தது. கீபோர்டு அங்கேதான் என்னை ஜெயித்தது. 'பி' தந்தி இருந்தால் அதன் மூன்றாவது பிரெட்டில் அந்தக் கீழ் ஷட்ஜம் கிடைத்துவிடும்.

'ஈ' தந்தியையே தளர்த்தி 'பி' ஆக்கினால் என்ன என்று யாரும் கேட்பார்கள். சுருதி நான்கில் மூன்று பங்காக இறங்க வேண்டும். இழுவிசை அதன் வர்க்கத்தில் இறங்கும், அதாவது பதினாறில் ஒன்பது பங்காகும். பாதியை விடச் சற்றுக் கூட. தந்தி கயிறு மாதிரி ஆடும், பிரெட்டில் மோதிக் கறகறக்கும். இழுவிசை குறையாமல் இருக்கத் தந்தியின் எடை ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் வேண்டும். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். 'ஈ' 0.105 அங்குலம் என்றால் 'பி' 0.140. ஆனால் அவ்வளவு தடித்த தந்தி கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும், அதன் மேற்சுரங்கள் சுருதி விலகும். எனவே நடைமுறையில் 0.125 முதல் 0.135 வரை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தளர்வைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நீளத்தை 35 அங்குலமாக்கிச் செய்கிற தொழிற்சாலைகளும் இந்தத் தளர்வைச் சரிக்கட்டத்தான் அப்படிச் செய்கின்றன. ஏற்கனவே செய்து முடித்த கழுத்தில் நீளத்தை மாற்ற வழியில்லை.

துளையே போடாமல் செய்கிற ஒரு வழியும் உண்டு. நான்கு தந்தியையும் கழற்றிவிட்டு பி, ஈ, ஏ, டி என்று ஏற்றலாம். நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் அகலமாக்கினால் போதும். இதை வாசிக்கிற யாராவது இறங்க நினைத்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். எனக்கு அது ஒத்துவரவில்லை. மேலே 'ஜி' போய்விடும். இளையராஜா பாட்டுகளில் பேஸ் பேசுகிற இடமெல்லாம் அந்த மேல் தந்தியில்தான் இருந்தது. புதிய பாட்டுக்காகப் பழைய பாட்டை இழக்க நான் தயாராக இல்லை.

இன்னொரு வகைக் கூட்டலும் இருக்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலான மெல்லிய தந்தியைச் சேர்ப்பது. ஸ்வீடனின் ஹேக்ஸ்ட்ராம் நிறுவனம் 1967-இல் இப்படி எட்டுத் தந்தி பேஸ் செய்தது. 1970-களின் பிற்பகுதியில் ஹேமர் நிறுவனம் சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்சனுக்காக மும்மூன்றாகப் பன்னிரண்டு தந்தி வைத்தது. இந்த வகையில் விரல்களின் வழி மாறாது, நான்கு நான்காகவே இருக்கும், கூடுவது நிறம்தான். ஆனால் கழுத்தின் மேல் விழும் இழுவிசை வெகுவாகக் கூடிவிடும். என் தேவை நிறமில்லை, ஆழம்.

5

என்னுடையது பிரசிஷன் வகையின் நகல். எங்கே செய்தது என்று முத்திரை இல்லை. நட் அகலம் 44 மில்லிமீட்டர். அது என் அதிர்ஷ்டம். 38 மில்லிமீட்டர் கழுத்தாக இருந்திருந்தால் இந்த வேலையையே யோசித்திருக்கக் கூடாது. தஞ்சாவூரில் வீணை செய்கிற ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். கிதார் பழுதுபார்க்கிறவர்கள் இரண்டு பேர் ஏற்கனவே முடியாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

பட்டறைப் பெரியவர் கிதாரை வாங்கி மடியில் வைத்து, வீணையைப் பார்ப்பது மாதிரியே குறுக்கே பார்த்தார்.

"ஏன் தம்பி, அஞ்சாவது தந்திக்கு எடம் எங்க இருக்கு?"

"அதத்தாங்கய்யா கேக்க வந்தேன்."

"எடம்னு ஒண்ணு காலியா இருக்காது. இருக்கிற நாலும் நகரணும். நாலும் நகர்ந்தா, கை பழகின பழக்கமெல்லாம் போயிரும். அதுக்கு ஒத்துக்கிட்டா சொல்லுங்க, செய்யலாம்."

அன்றைக்கு அது எனக்கு வெறும் தொழில் எச்சரிக்கையாகத்தான் கேட்டது.

கணக்கு இது. பிரிட்ஜில் நான்கு தந்திகளுக்கிடையே 19 மில்லிமீட்டர், மொத்த வீச்சு 57. அதே வீச்சில் ஐந்து என்றால் இடைவெளி 14.25 ஆகிவிடும். நட்டில் இரு ஓரமும் மூன்றரை மில்லிமீட்டர் விட்டால் மீதி 37. நான்கு தந்திக்கு 12.3 இடைவெளி, ஐந்துக்கு 9.25. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். மையத்திலிருந்து மையத்துக்குச் சமமாகப் பிரித்தால், தடித்த 'பி'க்கும் 'ஈ'க்கும் நடுவே விரல் போக ஆறேகால் மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மெல்லிய 'டி'க்கும் 'ஜி'க்கும் நடுவே ஏறத்தாழ எட்டு. கைக்கு அது ஏற்றத்தாழ்வாகத் தெரியும். எனவே விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். எல்லா இடைவெளியும் ஏழு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மையங்களின் தூரம் 10.1, 9.5, 9.0, 8.5 என்று படிப்படியாகக் குறையும். பெரியவர் கணக்குப் போடவில்லை. தந்திகளைக் காகிதத்தின் மேல் வைத்து, ஒரே தடிமனுள்ள ஒரு தகட்டை நடுவில் நடுவில் செருகி, பென்சிலால் குறித்துக்கொண்டார். நான் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் குறித்ததே வந்தது. மையங்களைச் சமமாக்கினால் சமத்துவம் வராது, விளிம்புகளுக்கிடையே சமமாக்கினால்தான் வரும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தத் தகட்டிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நட்டை மாட்டெலும்பில் புதிதாகச் செய்தோம். ஒவ்வொரு தந்திக்கும் அதன் விட்டத்துக்கேற்ற வட்ட அரத்தால் பள்ளம். பிரிட்ஜைக் கழற்றிவிட்டு லேத் பட்டறையில் பித்தளையில் ஐந்து சிறு குதிரைகள் கடைந்து, தனித்தனியே முன்னும் பின்னும் நகர்கிற மாதிரி பொருத்தினோம். தடித்த தந்தியை அழுத்தும்போது சுருதி கூடுதலாக ஏறும். அதை ஈடுசெய்ய 'பி'யின் குதிரை மற்றவற்றை விடப் பின்னால் நிற்க வேண்டும். பன்னிரண்டாவது பிரெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு வாசிக்கிற சுரமும், அங்கேயே அழுத்தி வாசிக்கிற சுரமும் ஒன்றாகும் வரை நகர்த்த வேண்டும்.

பிக்கப்தான் அடுத்த தொல்லை. பிரசிஷன் பிக்கப் இரண்டு பாதியாகப் பிளந்து, முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு பாதியும் இரண்டு தந்திகளைக் கேட்கும். ஐந்து தந்தி வந்ததும் நடுத் தந்தியான 'ஏ' இரண்டு பாதிகளுக்கும் இடையிலுள்ள சந்தில் விழுந்துவிட்டது. இரண்டு காதுக்கும் நடுவில் பேசுகிறவன் மாதிரி, சத்தமே இல்லை. உடலில் குழியை உளியால் கொஞ்சம் அகலமாக்கி, ஒவ்வொரு பாதியையும் நாலு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினோம். அவை முன்னும் பின்னுமாக இருப்பதால் ஒன்றையொன்று இடிக்காது. இப்போது 'ஏ' இரு பாதியின் ஓரத்திலும் கேட்டது. தந்திகளுக்குக் குறுக்கே முழு நீளத்துக்குக் காந்தப் பட்டை வைத்த பிக்கப் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.

6

கடைசியாகத் தலைப்பகுதி. என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்ததே அந்த இடம்தான்.

பிரசிஷன் தலையில் நான்கு சாவிகளும் மேல்பக்கம் ஒரே வரிசை. ஐந்தாவதற்குக் கீழ்ப்பக்கம்தான் இடம். பெரியவர் பின்னால் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்து, முதலில் சிறிய துளை, பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் பெரிய துளை என்று போட்டார். ஒரே பக்கத்திலிருந்து போட்டால் வெளியே வருகிற இடத்தில் மரம் பிளந்துவிடும்.

துளை போட்டு முடிந்ததும் நான் 'பி' தந்தியை அதில் மாட்டப் போனேன். புதுத் தந்திக்குப் புதுத் துளை என்பது என் தர்க்கம். "அங்க இல்ல தம்பி" என்றார். 'பி' கழுத்தின் மேல் ஓரத்தில் ஓடுகிறது. அது நேராகப் போய்ச் சேர வேண்டியது இதுவரை 'ஈ' இருந்த முதல் சாவிக்கு. 'ஈ' நகர்ந்து 'ஏ'யின் சாவிக்கு, 'ஏ' 'டி'யின் சாவிக்கு, 'டி' 'ஜி'யின் சாவிக்கு. கடைசியில் வீடில்லாமல் நிற்பது 'ஜி'. கீழ்ப்பக்கத்துப் புதுத் துளைக்குப் போனது அதுதான். ஸ்டிங்ரேயின் ஐந்து தந்தித் தலையிலும் இதே ஏற்பாடுதான் என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தெரிதா 1967-இல் வெளிவந்த தன் நூலில் ரூசோவைப் படிக்கும்போது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் 'சேர்ப்பது' என்றும் பொருள், 'பதிலாக நிற்பது' என்றும் பொருள். முழுமையாக இருப்பதோடு வெளியிலிருந்து வந்து சேர்கிற உபரி போல அது தோன்றும். ஆனால் சேர முடிகிறது என்பதே, முழுமை என்று நாம் நினைத்ததில் ஏற்கனவே ஒரு குறை இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதைப் பலமுறை படித்திருக்கிறேன், நண்பர்களோடு டீக்கடையில் சண்டையும் போட்டிருக்கிறேன். கையில் 'ஜி' தந்தியோடு நின்ற அந்த நிமிஷத்தில்தான் அது எனக்கு விளங்கிற்று. புதிதாக வந்தது புதிய இடத்தில் உட்காரவில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தைப் பக்கத்திலிருந்ததற்கு விட்டுக்கொடுத்தது. புதிய இடத்துக்குக் குடிபோனது இருந்ததிலேயே மெல்லியது.

இதை உடனே ஒரு சமூக உருவகமாக்கிவிடுகிற ஆசை எழத்தான் செய்கிறது. புதிதாய் வருகிறவருக்கு இடம் கொடுப்பது, நகர மறுப்பது என்றெல்லாம் பேசலாம். நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறேன். தந்திகளுக்கு விருப்பமில்லை, வரலாற்றுக் காயமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லலாம்: 'இருப்பதை ஒன்றும் செய்யாமல் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கிறோம்' என்று யாராவது எங்காவது சொன்னால், எது எங்கே நகர்ந்தது என்று அப்போதிருந்து தேடிப் பார்க்கிறேன்.

லெவி-ஸ்ட்ராஸ் 1962-இல் பொறியாளரையும், கிடைத்ததை வைத்துக் கைவேலை செய்கிறவரையும் பிரித்துக் காட்டினார். முதல்வர் திட்டத்திலிருந்து பொருளுக்கு வருகிறார், இரண்டாமவர் கையிலிருக்கிற பொருள்களோடு பேசிப் பேசித் திட்டத்துக்கு வருகிறார். கருவியை மாற்றுவது முழுக்க இரண்டாவது வேலை. ஆனால் அந்தப் பிரிவினையிலேயே ஒரு மேல்கீழ் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூர்ப் பெரியவரிடம் இருந்ததும் கோட்பாடுதான். வீணையில் வாசிக்கிற தந்தி நான்கு, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. ஏழு தந்தியும் ஒரே குதிரையிலும் ஒரே தளத்திலும் உட்காருவதில்லை என்பதை அவர் கை அறிந்திருந்தது. அவர் அதை எழுதவில்லை, அவ்வளவுதான்.

7

ஐந்து தந்தியையும் ஏற்றிய மறுநாள் கழுத்து வில்லாக வளைந்தது. நான்கு தந்தி சேர்ந்து ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஐந்தாவது இன்னும் 15 கிலோ சேர்க்கும். கழுத்துக்குள் ஓடுகிற டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கி அதை எதிர்க்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு ஒருநாள் விட்டுவிட வேண்டும். மரம் மெதுவாகத்தான் ஒத்துக்கொள்ளும். முதல் பிரெட்டையும் கடைசிப் பிரெட்டையும் அழுத்திக்கொண்டு பார்த்தால், நடுவில் தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடம் இருக்க வேண்டும். எனக்கு அந்த இடம் வர ஒன்பது நாள் ஆயிற்று.

சித்திரைத் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெண்டு கட்டைப் பாட்டில் முதன்முறையாகக் கீழ் ஷட்ஜத்தில் விரலை வைத்தேன். வாடகை ஸ்பீக்கர்களில் 36 அதிர்வு வருமா என்ன? அவற்றின் திறன் அதற்கு வெகு மேலேயே முடிந்துவிடும். ஆனால் குழுத்தலைவர் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்குக் கேட்டிருந்தது. இதற்கு விளக்கம் உண்டு. ஒரு தந்தி அதிரும்போது அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் கூடவே எழும். 73, 110, 147 என்று அவை காதில் விழுந்தால், அடியிலுள்ள 36.7 காற்றில் இல்லாவிட்டாலும் மூளை அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். 'விடுபட்ட அடிச்சுரம்' என்று ஒலியியலில் சொல்கிறார்கள். நான் பாடுபட்டுச் சேர்த்த மூலம், ஒலிபெருக்கியில் இல்லை, கேட்பவரிடம் இருந்தது. மூன்று மாதமாக நான் தேடிய ஆழம் ஜனங்களின் காதுக்குள்தான் உண்டாயிற்று.

அந்த வேலை இன்னும் ஒன்றரை வருஷம் தாக்குப்பிடித்தது. 1998-இல் குழு கலைந்தது. காரணம் நானும் இல்லை, கீபோர்டும் இல்லை. பதிவு செய்த இசைக்கு மேல் பாடினால் போதும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்தாவது தந்தியால் அதை எதிர்க்க முடியவில்லை. நான் அச்சகத்திலேயே தங்கிவிட்டேன்.

கிதாரை என் அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறேன். போன வருஷம் அவன் கேட்டான்: "மாமா, இந்த 'பி' எனக்கு வேணாம், மேல 'சி' போட்டுக்கவா?" போட்டுக்கொள் என்றேன். ஈ, ஏ, டி, ஜி நான்கும் ஒரு சாவி பின்னால் நகர்ந்து பழைய வீட்டுக்குத் திரும்பின. நட்டின் பள்ளங்களையெல்லாம் மறுபடி மாற்ற வேண்டியிருந்தது, அதை அவனே ஒரு வாரம் உட்கார்ந்து செய்தான். கீழ்ப்பக்கத்துத் துளையில் இப்போது 'சி' இருக்கிறது. நாளைக்கு அவன் நான்கே போதும் என்று முடிவு செய்தாலும், துளையை மரக்கட்டை வைத்து அடைக்கலாம், பாலிஷ் போடலாம், ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வட்டம் தெரியும்.

துளை போட நினைக்கிறவர்கள் அதை முதலில் யோசித்துக்கொள்ளட்டும். நான் போட்டதற்காக வருந்தவில்லை.